வெள்ளோட்டத்து நாளில் படகு ஏன் கவிழ்கிறது

என் கையால் நான் கட்டிய முதல் படகு, நீரில் இறங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் கவிழ்ந்தது. பன்னிரண்டு அடி நீளம், ஒட்டுப்பலகையாலான உடல், ஓட்டுக்கூரையைத் தலைகீழாகப் போட்டது போல நடுவில் கூம்பிய அடி, சிறியதொரு பாய்மரம், எல்லாம் சேர்த்து 80 கிலோ எடை. ஐந்து மாத விடுமுறை நாள்களை விழுங்கிய வேலை அது. நண்பர்கள் நால்வர் தூக்கிக்கொண்டுபோய் மார்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் விட்டார்கள். காற்றும் இல்லை, அலையும் இல்லை. படகு மிதந்தது. நான் எதிர்பார்த்ததைவிட உயரமாகவே மிதந்தது; ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றது.

இடப்பக்கப் பலகை ஒருவேளை கூடுதல் கனமாக அமைந்துவிட்டதோ என்று நினைத்து, கருவிப் பெட்டியை வலப்பக்க விளிம்போரம் வைத்தேன். படகு நேராகும் என்று பார்த்தால், அது நேராகாமல் ஒரே வீச்சில் வலப்பக்கம் புரண்டு, முன்பைவிடக் கூடுதலாகச் சாய்ந்து நின்றது. அந்த நொடியில் நான் பயந்திருக்க வேண்டும். கரையில் இருந்தவர்கள் சிரித்ததால் நானும் சிரித்துவிட்டுப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன். பிறகு உள்ளே ஏறி, படம் எடுப்பதற்காகப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கீழே விழுந்ததாகக்கூட நினைவில்லை. நின்றிருந்த தளம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து நினைவிருப்பது மூக்கில் ஏறிய நீரும், சேற்றில் குத்திக்கொண்டு நின்ற பாய்மரமும்தான்.

படகைக் கரைக்கு இழுத்துப் பல நாள்கள் அளந்தேன். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை, அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து இருபுற விளிம்புகள் வரை எங்கும் கோணல் இல்லை. வரைபடத்தில் இருந்தபடியே கட்டியிருந்தேன். தவறு கட்டுமானத்தில் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது. வரைபடத்தை வரைந்தவர், உள்ளே இருவர் அமர்ந்து, அடியில் பாரமும் ஏற்றிய படகைத்தான் கணக்கிட்டிருந்தார். நான் நீரில் இறக்கியதோ அந்தப் படகின் வெற்றுடலை மட்டும். உருவம் அதுவேதான், நீரில் நடந்துகொள்ளும் விதத்தில் அது வேறொரு படகு. அந்த வேறொரு படகை யாரும் கணக்கிட்டிருக்கவில்லை.

மிதக்கும் எதிலும் இரண்டு விசைகள் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. படகின் முழு எடையும் ஈர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. படகால் விலக்கப்பட்ட நீரின் உந்துதல், மிதப்பு மையம் என்ற இன்னொரு புள்ளியின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தால்தான் படகு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில் பெரும்பாலான கப்பல்களில் ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கிறது. அவை கவிழாமல் நிற்பதற்குக் காரணம் வேறு. படகு சாயும்போது ஈர்ப்பு மையம் தன் இடத்திலேயே இருக்கிறது. மிதப்பு மையமோ, சாய்ந்த பக்கத்தில் கூடுதலாக நீருக்குள் அமிழ்ந்த பகுதியை நோக்கி நகர்கிறது. நகர்ந்த அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால், அது படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை உந்துதல் படகை நிமிர்த்தும். மேலே போய்விட்டால், நிமிர்த்த வேண்டிய அதே உந்துதல் படகைக் கவிழ்க்கத் தொடங்கும்.

இந்தப் புள்ளிக்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே. 1746-இல் வெளியான கப்பல் பற்றிய தம் நூலின் பெரும்பகுதியை, பூமியின் வடிவத்தை அளக்கச் சென்ற குழுவோடு ஆண்டிஸ் மலைகளில் இருந்த ஆண்டுகளில் அவர் எழுதினார். கடலைவிட்டு இத்தனை தூரம் மேலே உட்கார்ந்து கப்பல் கவிழ்வதைப் பற்றி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

மிதப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் அமைகிறது என்பது, நீர்மட்டத்தில் படகு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதுவும் நேர் விகிதத்தில் அன்று, அகலம் × அகலம் × அகலம் என்ற மும்மடிப் பெருக்கத்தில். நீர்க்கோட்டின் அகலம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, நீர்க்கோட்டுப் பரப்பு தரும் நிமிர்த்தும் வலு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. என் படகின் கதை இங்கேதான் இருக்கிறது. கூம்பிய அடி கொண்ட படகு, பாரம் ஏற ஏற அமிழ்ந்து, மேலே உள்ள அகன்ற பகுதியை நீரில் பதிக்கிறது. வெறுமையாக இறங்கும்போது கீழே உள்ள ஒடுங்கிய பகுதி மட்டுமே நீரில் படுகிறது. விளிம்பில் நான்கடி அகலமிருந்த என் படகு, அன்று நீர்மட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடி அகலத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

எல்லாப் படகுகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டையான அடி கொண்ட தெப்பமோ சரக்குப் படகோ, வெறுமையாக இருக்கும்போதும் முழு அகலத்தையும் நீரில் விரித்திருப்பதால், பெரும்பாலும் அப்போதுதான் மிக உறுதியாக நிற்கும். கூம்பிய அல்லது உருண்ட அடியும், ஆழத்தில் சுமக்க வேண்டிய பாரமும், உயரமான மேற்கட்டும் கொண்டவையே வெள்ளோட்டத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன.

இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறிச் சாய்ந்து நின்ற அந்த வேடிக்கைக்கும் விளக்கம் உண்டு. ஈர்ப்பு மையம் மெட்டாசென்டரைச் சற்றே தாண்டி மேலே போய்விட்ட படகு நேராக நிற்க முடியாது. ஆனால் உடனே கவிழ்ந்தும் விடாது. சாயச் சாய விலாவின் அகன்ற பகுதி நீருக்குள் போவதால் நீர்க்கோடு விரிகிறது. ஏதோவொரு கோணத்தில் இழந்த சமநிலை திரும்பக் கிடைக்கிறது. படகு அந்தக் கோணத்தில் தங்குகிறது. இடப்பக்கம் ஒரு தங்குமிடம், வலப்பக்கம் ஒரு தங்குமிடம். நடுவில் நிற்க இடமில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இது ஒரு பக்கம் எடை கூடியதால் வந்த சாய்வு போலவே தெரியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அப்படி நினைத்து உயர்ந்திருக்கும் பக்கத்தில் எடை வைத்தால், படகு நடுவைக் கடந்து மறுபக்கம் வேகமாகப் புரளும். அந்த வேகம் அதைத் தங்குமிடத்தையும் தாண்டிக் கொண்டுபோய்விடலாம். பெரிய கப்பலில் இந்த நிலை வந்தால், முதலில் அடித்தொட்டிகளில், அதுவும் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கத்துத் தொட்டியில், நீர் நிரப்ப வேண்டும் என்று மாலுமிகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அறிவுக்கு முரணாகத் தோன்றும் இந்த விதியைப் படித்த அன்று, கருவிப் பெட்டியை நான் தூக்கி வைத்த பக்கம் நினைவுக்கு வந்தது.

படகின் பாகங்கள் எந்த வரிசையில் ஏறுகின்றன என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிபவை முதலில் ஏறுகின்றன: பாய்மரம், மேலறை, கைப்பிடிக் கம்பிகள், கண்ணாடிச் சன்னல்கள், வண்ணப்பூச்சு. கண்ணில் படாதவை பிறகு ஏறுகின்றன: அடிப்பாரம், எரிபொருள், குடிநீர், சில வேளைகளில் எந்திரமேகூட. முதல் வகை பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது. இரண்டாம் வகை கீழே இருப்பது. நான் அடியில் ஒரு மணல் மூட்டைகூட வைக்காமல் பாய்மரத்தை மட்டும் நட்டு வைத்திருந்ததற்குக் காரணம், பாய்மரம் இல்லாத படகு படத்தில் நன்றாக இருக்காது என்பதுதான்.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததன்று. 1907 செப்டம்பர் 22 அன்று இத்தாலியின் ரிவா திரிகோசோவில் 'பிரின்சிபெசா யோலாண்டா' என்ற கப்பலை நீரில் இறக்கினார்கள். அதுவரை இத்தாலியில் கட்டப்பட்டவற்றில் மிகப் பெரிய பயணிகள் கப்பல் அது. வழக்கமாக வெறும் உடலை இறக்கிவிட்டு, பிறகு துறையில் கட்டி வைத்து உள்வேலைகளை முடிப்பார்கள். இந்தக் கப்பலையோ அறைகலன்கள் உட்பட ஏறக்குறைய முழுமையாக முடித்தே சாய்தளத்தில் விட்டார்கள். நிலக்கரியும் அடிப்பாரமும் ஏறியிருக்கவில்லை. சாய்தளத்தில் எந்தக் குறையுமின்றி வழுக்கி இறங்கிய கப்பல், நீரில் நின்ற சற்று நேரத்திலேயே ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. திறந்திருந்த வாய்களின் வழியே நீர் புகுந்தது. கூடியிருந்தவர்களின் கண்ணெதிரே கரையோரத்தில் படுத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. மறு ஆண்டு அதன் உடன்பிறப்பான 'பிரின்சிபெசா மஃபால்டா'வை இறக்கியபோது, அறைகலன்களையெல்லாம் ஏற்றாமல் வெறும் உடலாகவே இறக்கினார்கள். 2025 செப்டம்பரில் துருக்கியின் கருங்கடற்கரையில் 'டோல்சே வென்டோ' என்ற புத்தம் புதிய சொகுசுப் படகு, இறங்கிய சில நிமிடங்களில் சாய்ந்து மூழ்கிய காணொளியை உலகமே பார்த்தது. அந்தக் காணொளியை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை. வெண்மையான உயர்ந்த மேற்கட்டு மெல்ல ஒரு பக்கம் சரியத் தொடங்கும் அந்தக் கணத்தை என் முதுகுத்தண்டு அடையாளம் கண்டுகொண்டது.

உள்ளே தேங்கும் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய படகில் நீர் தேங்காமல் இருப்பது அரிது. மரப்படகென்றால் பலகைகள் காய்ந்திருக்கும். இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று எத்தனை நன்றாக அடித்திருந்தாலும், மரம் நீரை உறிஞ்சி உப்பி இடைவெளிகளை அடைக்கும்வரை ஒழுகும். இரும்புக் கப்பலென்றால் மூட மறந்த குழாய் வாய், இன்னும் பொருத்தப்படாத அடைப்பான், சோதனைக்காகப் பாதி நிரப்பி விட்ட தொட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அடியில் இருக்கும் நீரும் ஒருவகை அடிப்பாரம்தானே என்று தோன்றும். தோன்றுவது தவறு. கட்டி வைத்த மணல் மூட்டை இருந்த இடத்தில் இருக்கும். நீரோ, படகு சாய்ந்த பக்கமே ஓடிப் போய்ச் சாய்வைக் கூட்டும். ஒரு தாம்பாளத்தில் விரலளவு நீர் ஊற்றி, சிந்தாமல் எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்தத் தீங்கின் அளவு நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதன் மேற்பரப்பு எவ்வளவு அகலமாக விரிந்திருக்கிறது என்பதையே பொறுத்தது. இங்கும் அதே மும்மடிப் பெருக்கம்தான். ஒரு தொட்டியை நீளவாக்கில் ஒரே தடுப்பால் இரண்டாகப் பிரித்தாலே தீங்கு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். தொட்டியை முழுக்க நிரப்பினால், அல்லது முழுக்கக் காலி செய்தால், ஆடுவதற்கு நீர்ப்பரப்பே இருக்காது.

சாய்தளத்தில் இறங்கும் சில நொடிகள் வேறொரு வகையில் ஆபத்தானவை. கொழுப்புப் பூசிய தடங்களில், தன்னைத் தாங்கும் மரச்சட்டத் தொட்டிலோடு பின்னோக்கி வழுக்கி இறங்கும் கப்பலின் அமரம் முதலில் மிதந்து எழும்புகிறது. அணியத்தின் அடிப்பகுதி அப்போதும் தளத்திலேயே தாங்கி நிற்கிறது. கப்பலின் எடையில் ஒரு பங்கை நீரும், மறுபங்கை அடியிலுள்ள ஒரு சிறிய தாங்கலும் சுமக்கின்றன. அடியிலிருந்து மேல்நோக்கி முட்டும் அந்தத் தாங்கல், ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கி வைத்ததற்குச் சமமான விளைவைத் தருகிறது. தொட்டிலின் இருபுறத் தாங்கல்கள் கப்பலைப் பிடித்திருக்கும் வரை கவலையில்லை. அவற்றிலிருந்து விடுபடும் தருணம்தான் சோதனை. குறுகிய ஆறுகளில் பக்கவாட்டாகத் தள்ளிவிடும் முறையில், கப்பல் முதல் நொடியிலேயே பெருஞ்சாய்வோடு உருண்டுதான் நிமிர வேண்டும். அந்த நேரத்தில் மேல்தளத்தில் கட்டப்படாமல் கிடக்கும் பலகைகள், கம்பிச் சுருள்கள், கருவிகள் எல்லாம் நீரைப் போலவே நடந்துகொள்ளும்.

மனிதர்களும் அப்படித்தான். 1883 ஜூலை 3 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றில் 'டாஃப்னி' என்ற சிறு நீராவிக் கப்பல் இறக்கப்பட்டது. உள்வேலைகளை உடனே தொடங்கிவிடலாம் என்று ஏறக்குறைய 200 தொழிலாளர்கள் கருவிகளோடு உள்ளேயே இருந்தார்கள். நீரைத் தொட்டு வேகம் அடங்கும் நேரத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டப்படாத பொருள்களும் ஆட்களும் அந்தப் பக்கமே சரிந்தார்கள். கப்பல் அப்படியே கவிழ்ந்தது. 124 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் உள்ளறைகளில் அகப்பட்டு. விசாரணை செய்தவர் சர் எட்வர்ட் ரீட். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலக் கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளராக இருந்து, 'கேப்டன்' என்ற போர்க்கப்பலின் வடிவமைப்பை எதிர்த்தவர் அவர். அந்தக் கப்பல் பணியில் சேர்ந்த அதே 1870-இன் செப்டம்பரில், ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கருகே இரவுப் புயலில் ஏறக்குறைய 480 பேரோடு கவிழ்ந்தது. அதன் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்ததால், 21 பாகைச் சாய்விலேயே அதன் நிமிர்த்தும் வலு உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கியது. உடன் சென்ற 'மோனார்க்' கப்பலுக்கு அந்த உச்சம் 40 பாகையில் இருந்தது.

டாஃப்னியைப் பற்றி ரீட் சொன்னது கடுமையானதன்று, ஆனால் தெளிவானது: இறக்கிய நிலையில் கப்பலுக்கு இருந்த நிலைப்பு மிகக் குறைவு, அதன் மேல் கட்டப்படாத பாரமும் ஆட்களும் சேர்ந்தன. பணி முடிந்த கப்பலின் நிலைப்பைக் கணக்கிட்டவர்கள், இறக்கும் நாளின் கப்பலுக்கும் தனியாக ஒரு கணக்குப் போடத் தொடங்கியது இந்த விபத்துக்குப் பிறகுதான் பரவலானது. சாய்தளத்தில் இருக்கும் கப்பல் எத்தனை உறுதியாகத் தெரிகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 200 பேரும் ஏன் தயங்காமல் ஏறினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. கட்டி முடித்த நாளில் ஏறி நிற்கத் தோன்றுவது இயல்பு. அந்த நாள்தான் படகு தன் வாழ்நாளிலேயே மிகக் குறைவாகப் படகாக இருக்கும் நாள்.

அறிந்தும் தவறியவர்களின் கதை ஸ்வீடனின் 'வாசா' போர்க்கப்பலுடையது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து புறப்பட்டு, 1,300 மீட்டர் தூரம் சென்று, இளங்காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாய்களின் வழியே நீர் புகுந்து மூழ்கியது. ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள். இரண்டு தளங்களில் 64 பீரங்கிகள். அடியில் ஏறக்குறைய 120 டன் கல். கல் போதாது என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னும் கல் ஏற்றினால் கீழ்த்தளப் பீரங்கி வாய்கள் நீர்மட்டத்துக்கு மேலும் அருகே வந்துவிடும். உடலின் மேற்பகுதி தொடக்கத்திலிருந்தே மிகக் கனமாகக் கட்டப்பட்டிருந்தது. தலைமைக் கட்டுநர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார். புறப்படுமுன் ஒரு சோதனை நடந்தது: 30 ஆட்களை மேல்தளத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சேர்ந்து ஓடச் சொன்னார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிச் சோதனையை நிறுத்தினார்கள். அங்கிருந்த துணைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் அதைப் பார்த்தார். கப்பல் பிறகும் புறப்பட்டது. அரசர் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்களை ஓடவிட்டுப் பார்ப்பது முரட்டு முறை. இன்று கப்பல் கட்டுமிடங்களில் செய்வது அதன் நாகரிகமான பேரன். காற்றில்லாத ஒரு காலையில், துறையில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, கப்பலில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஆளையும் எழுதிக்கொள்கிறார்கள். எடை தெரிந்த பாரம் ஒன்றை, தளத்தின் குறுக்கே அளந்த தூரத்துக்கு நகர்த்துகிறார்கள். உள்ளே நீண்ட தூக்குக்குண்டு தொங்கும். அது ஆடிக்கொண்டே இருக்காமலிருக்க, குண்டை நீரோ எண்ணெயோ நிறைந்த ஒரு தொட்டிக்குள் அமிழ்த்தியிருப்பார்கள். அடியில் கிடைமட்டமாக ஓர் அளவுகோல். 600 டன் கப்பலில் 2 டன் பாரத்தை 6 மீட்டர் நகர்த்தும்போது, 3 மீட்டர் நீளத் தூக்குநூல் 10 சென்டிமீட்டர் விலகினால், ஈர்ப்பு மையத்துக்கு மேல் மெட்டாசென்டர் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் கணக்கிட்டுவிடலாம். பன்னாட்டு விதிகள் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 15 சென்டிமீட்டர். ஒரு பெரிய கப்பலின் உயிர் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் நிற்கலாம் என்பது முதலில் கேட்கும்போது நம்பத் தோன்றாது. அதற்காக அளவுக்கு மீறிக் கூட்டினாலும் தொல்லைதான். கப்பல் வெடுக்வெடுக்கென்று நிமிர்ந்து, உள்ளே இருப்பவர்களை உதறித் தள்ளும்.

அடுத்த பருவத்தில் என் படகை மீண்டும் இறக்கினேன். பாய்மரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டேன். ஐந்து கிலோ மணல் பைகள் பதினான்கு தைத்து, ஏராவின் இருபுறமும் வங்குகள் என்னும் விலாச் சட்டங்களுக்கிடையே பலகை போட்டு நகராதபடி கட்டினேன். கட்டாத அடிப்பாரம் சாய்ந்த பக்கம் உருண்டால் அது பாரமே இல்லாததைவிட மோசம். படகைக் கைகளால் மெல்ல அமுக்கிப் பார்த்தேன். நேராக வந்து நின்றது. பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நடுவில் கால் வைத்து உட்கார்ந்தேன். முன்னே உயரமான ஒரு குச்சியில் ஒரு மீட்டர் நீள நூல் கட்டி, ஒரு சிறிய குண்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே ஒரு வாளி நீர் வைத்திருந்தேன். இடுப்பளவு நீரில் நின்ற நண்பர் மூன்று பைகளை அவிழ்த்து, படகில் கை ஊன்றாமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அரை மீட்டர் நகர்த்தி வைத்தார்.

படகு சாய்ந்தது; ஓர் இடத்தில் நின்றது. நூல் 9 சென்டிமீட்டர் விலகியிருந்தது. 15 கிலோவும் அரை மீட்டரும் பெருக்க ஏழரை. அதைப் படகும் மணலும் நானுமாகச் சேர்ந்த 220 கிலோவால் வகுத்து, மீண்டும் 0.09-ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் வந்தது. எழுந்து நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்றார் நண்பர். உட்கார்ந்தபடியே எடுக்கச் சொன்னேன்.